இரண்டாவது டிரைவில் உள்ள கேம்ஸ்: லினக்ஸில் பெறுவது எப்படி?

சாப்ட்வேர் எழுதுவதே என் வேலை. இருந்தும், வீட்டுக் கம்ப்யூட்டரில் உபுண்டு லினக்ஸ் பதிந்த முதல் நாளே ஏமாந்து போனேன். விண்டோஸில் 'டி' டிரைவில் வைத்திருந்த கேம்ஸ் அனைத்திற்கும் ஸ்டீம் புரோகிராம் 'இன்ஸ்டால்' பட்டனையே காட்டியது. அவசரப்பட்டு அதை அழுத்தி, ஏற்கனவே டிஸ்க்கில் இருந்த 40 ஜிபி கேமை மீண்டும் டவுன்லோட் செய்தேன். அந்த மாத டேட்டா அன்றே தீர்ந்தது. கேம் எங்கும் போய்விடவில்லை; அது இருக்கும் இடத்தை நான் லினக்ஸிற்குச் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

மவுண்ட் என்றால் என்ன?

லினக்ஸில் சி, டி என்ற டிரைவ் எழுத்துகள் கிடையாது. ஒவ்வொரு டிரைவையும் ஒரு போல்டருடன் இணைக்க வேண்டும். இதுவே 'மவுண்ட்' செய்தல். அந்த போல்டர் 'மவுண்ட் பாயிண்ட்'. பைல் மேனேஜரில் டிரைவைக் கிளிக் செய்தாலும் இணையும். ஆனால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் அந்த இணைப்பு போய்விடும். எனவே நிலையாக இணைப்பதே நல்லது.

செய்ய வேண்டியவை:

1. முதலில் விண்டோஸில் கண்ட்ரோல் பேனல் சென்று, பவர் ஆப்ஷன்ஸ் பிரிவில் 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நீக்கி, ஷட் டவுன் செய்திடவும். இது இயங்கினால் விண்டோஸ் முழுமையாக மூடப்படாது. லினக்ஸில் அந்த டிரைவைப் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாமல் போகலாம்.

2. லினக்ஸில் 'டிஸ்க்ஸ்' புரோகிராமைத் திறந்து, இரண்டாவது டிரைவில் கேம்ஸ் உள்ள பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுக்கவும். பல்சக்கர ஐகானைக் கிளிக் செய்து, 'எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ்' செல்லவும். அதே மெனுவில் 'பார்மட்' என்பதும் இருக்கும். அதைத் தொட வேண்டாம். டிரைவில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும்.

3. 'யூசர் செஷன் டிபால்ட்ஸ்' என்பதை ஆப் செய்து, 'மவுண்ட் அட் சிஸ்டம் ஸ்டார்ட்அப்' கட்டத்தில் டிக் செய்திடவும். மவுண்ட் பாயிண்டிற்கு எளிய போல்டர் பெயர் ஒன்று தந்து, ஓகே கொடுத்து ரீஸ்டார்ட் செய்திடவும்.

4. ஸ்டீமில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் சென்று, 'ஆட் டிரைவ்' மூலம் அந்த டிரைவில் உள்ள ஸ்டீம் லைப்ரரி போல்டரைக் காட்டவும். ஏற்கனவே உள்ள கேம்ஸ் பட்டியலில் வந்துவிடும். லினக்ஸ் பதிப்பு தனியாக உள்ள கேம் என்றால், அதற்கான பைல்கள் மட்டும் டவுன்லோட் ஆகலாம்.

டிரைவே தெரியவில்லையா? உங்கள் ஸ்டீம் 'ஸ்னாப்' அல்லது 'பிளாட்பேக்' வகையாக இருக்கலாம். இவை அனுமதி தராமல் பிற டிரைவ்களைப் பார்க்காது.

எந்த பைல் சிஸ்டம்?

விண்டோஸ் கேம்ஸை லினக்ஸில் இயக்க, 2018ல் ஸ்டீமில் 'புரோட்டான்' வசதி வந்தது. இது உருவாக்கும் சில பைல்களின் பெயரில் முக்காற்புள்ளி இருக்கும். விண்டோஸ் அத்தகைய பெயர்களை ஏற்காது. அதனால் விண்டோஸின் என்டிஎப்எஸ் டிரைவிலிருந்து கேம் இயக்கும்போது சிக்கல் வரலாம். லினக்ஸில் மட்டும் விளையாடப் போகிறீர்கள் என்றால், எக்ஸ்ட்4 பார்மட்டில் உள்ள டிரைவிற்கு கேம்ஸைக் காப்பி செய்வதே சிறந்தது. புதிய எக்ஸ்ட்4 டிரைவில் எழுத முடியவில்லை எனில், டிஸ்க்ஸ் மெனுவில் 'டேக் ஓனர்ஷிப்' கொடுக்கவும்.

இனி 'இன்ஸ்டால்' பட்டனைப் பார்த்தால் உடனே அழுத்தாதீர்கள். டிரைவ் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.