பின் டயர் மாற்றப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மன்னார்குடிப் பக்கம் பட்டறை போட்டிருக்கிறாய், கைக்கு வந்த பெரிய வேலையே ஒரு பழைய மாஸி 1035 டிராக்டர் என்று அறிந்து மகிழ்ச்சி. தாத்தா ஓட்டிய வண்டி, அதை விற்கப் பேரனுக்கு மனமில்லை, இன்ஜினைப் பிரித்துக் கட்டியாயிற்று, பெயிண்டும் அடித்தாயிற்று. மிச்சம் பின் டயர் இரண்டு. "கழற்றிய டயரில் 13.6-28 என்று இருக்கிறது, அதையே வாங்கிப் போட்டுவிடட்டுமா அண்ணே?" என்று கேட்டிருந்தாய். பழைய வண்டியில் கைவைக்கும் பிள்ளைகள் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. அதனால் பதிலைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

வாங்காதே. கொஞ்சம் பொறு.

பழைய டயரில் இருக்கும் எண், கடைசியாக வாங்கியவர் கையில் அன்றைக்கு என்ன கிடைத்தது என்பதை மட்டும்தான் சொல்லும். இத்தனை வருஷத்தில் அந்த வண்டி எத்தனை ஜோடி டயரைப் பார்த்திருக்கும்! ஒருவர் கடையில் இருந்ததைப் போட்டிருப்பார், இன்னொருவர் வண்டி உயரமாகத் தெரியட்டும் என்று பெரிதாகப் போட்டிருப்பார். நீ கேட்க வேண்டியது ரிம்மிடம். துருவைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார். வால்வு ஓட்டைக்குப் பக்கத்திலோ உள்வட்டத்திலோ அகலமும் விட்டமும் குத்தியிருக்கும். எழுத்தே இல்லாமல் அரித்துப்போயிருந்தால், டயர் உட்காரும் இரண்டு ஓரங்களுக்கு நடுவே உள்பக்கமாக அளந்துகொள். வெளி உதட்டிலிருந்து வெளி உதட்டுக்கு அளந்தால் ஓர் அங்குலத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டி உன்னை ஏமாற்றும்.

11.2-28 டயருக்கு 10 அங்குல ரிம், 12.4-28க்கு 11 அங்குலம், 13.6-28க்கு 12 அங்குலம் என்பது கணக்கு. ஓர் அங்குலம் குறைந்த ரிம்மில் அடுத்த சைஸைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் ரிம் டயரின் இடுப்பைப் பிடித்து நெருக்கும். நடு முதுகு புடைத்து எழும், பட்டனின், அதாவது டயர் முகப்பில் புடைத்து நிற்கும் கட்டையின், நடுப்பகுதி மட்டும் தேயும், ஓரத்துப் பட்டன் புதிதாகவே இருக்கும். கடைக்காரர் "அகலமான டயர், நல்லா பிடிக்கும்" என்று சொல்லித்தான் விற்பார். மண்ணில் படும் அகலம் கூடாமல், காசு மட்டும் கூடினதுதான் மிச்சம்.

பழைய வண்டிகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. கையேட்டிலோ மிகப் பழைய டயரிலோ 10-28, 11-28, 12-28 என்று புள்ளி இல்லாத எண்ணைப் பார்ப்பாய். இன்றைக்குக் கடையில் அந்தப் பெயரில் கேட்டால் விழிப்பார்கள். 10-28 என்பதுதான் இன்றைய 11.2-28. 11-28 இன்றைய 12.4-28. 12-28 இன்றைய 13.6-28. "11 போட்டிருக்கிறது, அதற்குப் பக்கத்தில் 11.2 இருக்கிறதே" என்று எடுத்துவந்தால் ஒரு சைஸ் சிறிதாக மாட்டிக்கொள்வாய். ரேடியல் வேண்டும் என்று வண்டிக்காரர் கேட்டால் 12.4-28க்கு நிகர் 320/85, 28 அங்குலம். 35 குதிரைச் சக்தி வண்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் சாதா என்று மட்டும் ஒருநாளும் போடாதே.

சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே கம்பெனி மாஸி வண்டிகளை இங்கே கட்டி இறக்கியது. இந்த 1035க்குப் பொருத்தமான பின் டயர் 12.4-28. 13.6 போட்டால் என்ன ஆகும்? புது டயரில் 12.4-இன் உயரம் சுமார் 1260 மி.மீ., 13.6-க்கு 1310. நூற்றுக்கு நான்கு பங்கு வித்தியாசம். கியரைத் தொடாமலே வண்டி அந்த அளவு வேகமாக ஓடும், இழுவை அதே அளவு குறையும். ரோட்டவேட்டர் போடும்போது பிடிஓ அதே வேகத்தில் சுற்றும், வண்டி மட்டும் சற்று முந்தும், மண் பொடி கொஞ்சம் கரடாக விழும். தடத்தை நெருக்கி வைத்திருந்தால் மட்கார்டிலோ கீழ் லிங்க்கிலோ உரசவும் வாய்ப்பு உண்டு.

உன் ஊரில் இதைவிடப் பெரிய காரணம், சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கேஜ் வீல். டெல்டாவில் இதை மறந்துவிட்டு யாரும் டயர் வாங்கக் கூடாது. சேற்றுழவுக்கு வண்டிக்காரர் முழுக் கேஜ் வீல் மாட்டுகிறாரா, டயரோடு சேர்த்து அரைக் கேஜ் வீல் கட்டுகிறாரா என்று முதலில் கேள். முழு வீல் என்றால் டயர் கழன்று கொட்டகையில் கிடக்கப்போகிறது, கவலையில்லை. அரை வீல் என்றால் அது பழைய டயரின் உயரத்துக்கு அளந்து செய்தது. புது டயர் உயரமாகிவிட்டால் இரும்புப் பட்டை சேற்றைத் தொட்டும் தொடாமலும் சும்மா சுற்றும். டயர் குள்ளமாகிவிட்டால் மொத்த எடையும் இரும்பில் இறங்கி, வரப்பு ஏறும்போது டிஸ்க் போல்ட் அறுபடும். வீலை உன் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லி டேப் வைத்து அளந்த பிறகுதான் சைஸை முடிவு செய்.

வேடிக்கை என்னவென்றால், உலகத்தில் டிராக்டர்கள் ஒருகாலத்தில் பெரும்பாலும் இரும்புச் சக்கரத்தில்தான் ஓடின. அமெரிக்காவில் 1932-இல் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி ஃபயர்ஸ்டோனோடு சேர்ந்து காற்றடித்த டயரை வயலுக்குக் கொண்டுவந்தபோது, ரப்பர் உழவுக்குத் தாங்காது என்று விவசாயிகள் ஒதுங்கினார்கள். மறு வருஷம் பார்னி ஓல்ட்ஃபீல்ட் என்ற பந்தய ஓட்டுநரை ஒரு டிராக்டரில் ஏற்றி டல்லாஸில் மணிக்கு 64 மைல் வேகத்தில் விரட்டிக் காட்டினார்கள். அப்படி ரப்பருக்கு மாறிய உலகத்தில், சேறு என்று வந்தால் நம் ஊர் இன்னும் இரும்பை விடவில்லை. சேறு அப்படி!

அடுத்து, வண்டிக்கு என்ன வேலை என்று கேள். நெல் வயலுக்குப் போகாமல் பொங்கலுக்கு அலங்கரித்து நிறுத்தவும், எப்போதாவது வைக்கோல் ஏற்றவும்தான் என்றால், சாதாரணப் பட்டன் டயர் தாராளம். செங்கல், மணல், கரும்பு என்று இரண்டு சக்கர டிரெய்லர் இழுக்குமானால், டிரெய்லரின் பாரத்தில் ஒரு பங்கு வண்டியின் பின்பக்கம் வந்து உட்காரும். அங்கே பிளை ரேட்டிங்கைப் பார். 12 பிளை என்றால் உள்ளே 12 அடுக்கு நூல் இருக்கிறது என்று நினைக்காதே, அது பலத்துக்குச் சொல்லும் அளவு. தார்ச்சாலை ஓட்டம் அதிகம் என்றால் ஆழமான பட்டனைத் தேடிப் போகாதே. அது ரோட்டில் சீக்கிரம் கரையும், ஸ்டியரிங் பிடிப்பவரின் முதுகையும் குலுக்கும்.

கம்பெனி பெயரில் நான் சண்டை போட மாட்டேன். எம்ஆர்எஃப், அப்பல்லோ, பிகேடி, குட்இயர், எதையும் வாங்கு. ஆனால் பக்கவாட்டில் இருக்கும் நான்கு எண்களைக் கடை வாசலிலேயே படி. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. வருஷக்கணக்கில் வெயில் படும் முற்றத்தில் அடுக்கி வைத்த டயர், பட்டன் புதிதாக இருந்தாலும் பக்கவாட்டில் முடி முடியாக வெடித்திருக்கும். விரலால் மடக்கிப் பார், தெரியும். இரண்டு டயரும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், முடிந்தால் ஒரே வருஷம்.

பணம் இல்லை, ரீட்ரெட் போடலாமா என்று அவர் கேட்பார். லாரி டயருக்கு நாமக்கல், சங்ககிரி பக்கம் செய்கிற வேலை சுத்தமானது, டிராக்டர் டயரும் செய்கிறார்கள். கேசிங் நன்றாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை. ஜோடியாகச் செய்து வந்ததும் சுற்றளவை டேப் வைத்து அளந்துவிடு. ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் நேர்ச்சாலையில் போகும்போதும் டிஃபரன்ஷியல் ஓய்வில்லாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். ஒரு டயர் மட்டும் போதும் என்பவரிடமும் இதையே சொல். சட்டிக் கலப்பை போடும் வண்டியில் வலது சக்கரம் சாலில் ஓடுவதால் இரண்டும் ஒரே மாதிரி தேயாது, அவர் வலதை மட்டும் மாற்றக் கேட்பது இதனால்தான்.

பழைய டியூபைப் புது டயருக்குள் திணிக்காதே. அது ஏற்கெனவே இழுபட்டு வளர்ந்திருக்கும், உள்ளே மடிந்து, மடிப்பில் வெடிக்கும். தண்ணீரும் காற்றும் ஏற்றுகிற வால்வு உள்ள டியூபாக வாங்கு. மேட்டு நிலத்தில் உழும்போது வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து அந்த மட்டம் வரைக்கும் தண்ணீர் நிரப்பினால் டயரின் முக்கால் பங்கு நிறையும். 12.4-28க்கு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 145 லிட்டர் பிடிக்கும். சேற்றுழவுக்கு முன்னால் இறக்கிவிடு, அந்த எடை வண்டியைப் புதைக்கும்.

மாட்டும்போது பின்னால் நின்று பார். பட்டன்கள் கூரை முகடு மாதிரி மேல்நோக்கிக் கூம்ப வேண்டும், அப்போதுதான் மண்ணை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றும். தடத்தை அகலப்படுத்த டிஸ்க்கைத் திருப்புகிறாய் என்றால் சக்கரத்தை அதே பக்கத்தில் திருப்பாதே, பட்டன் தலைகீழாகிவிடும். இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்று.

காற்று விஷயத்தில் மட்டும் அதட்டியே சொல்கிறேன். டயர் ரிம்மில் உட்காரவில்லை என்றால் 35 பவுண்டுக்கு மேல் ஏற்றாதே. காற்றை இறக்கு, சோப்புத் தண்ணீர் தடவு, மறுபடி முயற்சி செய். டயருக்கு நேர் எதிரே நிற்காதே, மேலே சாயாதே. உட்கார்ந்த பிறகு வயலுக்கு 12, 14 பவுண்டு போதும். டிரெய்லர் இழுக்கும் நாளில் கூட்டிக்கொள்ளலாம்.

முதல் உழவுக்கு நீயும் வயலுக்குப் போ. வண்டி போன தடத்தைக் குனிந்து பார். பட்டன் அச்சு வெட்டியெடுத்தது போலச் சுத்தமாக விழுந்திருந்தால் எடை அதிகம், கொஞ்சம் தண்ணீரை இறக்கு. அச்சே தெரியாமல் கலைந்திருந்தால் சறுக்குகிறது, எடை போதவில்லை. ஓரத்தில் அச்சு தெரிந்து நடுவில் லேசாக உடைந்திருந்தால் சரியாக இருக்கிறது. மாலையில் வண்டி நின்றதும் டிஸ்க் நட்டு, ரிம் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி ஒரு சுற்று முறுக்கு. புது பெயிண்ட் அடித்த ரிம் அல்லவா, நட்டுக்கு அடியில் பெயிண்ட் நசுங்கி முதல் நாளிலேயே தளர்ந்திருக்கும்.

அன்புடன்,
அண்ணன்