கரும்பைக் காக்கும் சிறு குளவி

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் கரும்பு பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கு இடைக்கணுப் புழுவைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கரும்பைப் பிளந்தால் கணுக்களினிடையே சிவந்த துளை தென்படுமாயின், அது இப்புழுவின் வேலையே. அதனால் எடை குறைகிறது. சாற்றின் தரமும் கெடுகிறது. ஆலைக்கு எடையிட்டு விற்கும் நமக்கு இது நேரான நட்டமாகும்.

மருந்து தெளித்து இதனை ஒழிக்கலாம் என்று எண்ணுவோர் உளர். ஆனால் புழு தண்டினுள் புகுந்துவிட்ட பின்னர் மேலே தெளிக்கும் நஞ்சு அதனை எட்டுவதில்லை. ஆதலின் புழுவாவதற்கு முன்பே, முட்டைப் பருவத்திலேயே அதனை அழித்தல் வேண்டும். தாய் அந்து கரும்பின் இலைகளில் வரிசையாக முட்டையிடுகிறது. அம்முட்டைகளைத் தேடிக் கண்டுபிடிக்க நம்மால் இயலாது. டிரைக்கோகிரம்மா என்னும் குளவியால் இயலும்.

இக்குளவி அரை மில்லிமீட்டர் அளவே உடையது. மனிதரையோ கால்நடையையோ கொட்டுவதில்லை. அந்தின் முட்டையினுள் தன் முட்டையை இடுகிறது. அதிலிருந்து வரும் குஞ்சு உள்ளிருப்பதை உண்டு வளர்ந்து, குளவியாகவே வெளியேறும். புழு பிறப்பதேயில்லை. ஆய்வுக்கூடங்களில் அரிசி அந்தின் முட்டைகளில் இக்குளவியை வளர்த்து, அம்முட்டைகளை அட்டையில் ஒட்டி வழங்குகின்றனர். 1 சி.சி. அட்டையில் ஏறத்தாழ 20,000 முட்டைகள் இருக்கும்.

பயன்படுத்தும் முறை வருமாறு:

1. ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 1 சி.சி. அட்டை போதும். நான்காம் மாதம் முதல் 15 நாட்களுக்கு ஒருமுறையாக ஆறு தடவை கட்டுதல் வேண்டும்.

2. வாங்கும்போது முட்டைகள் கறுத்திருத்தல் வேண்டும். அவற்றில் நுண்துளைகள் காணப்பட்டால் குளவிகள் முன்னரே பறந்துவிட்டன என்று அறிக.

3. குளவி நெடுந்தொலைவு பறக்க வல்லதன்று. ஆதலின் அட்டையைச் சிறு துண்டுகளாக்கி, வயல் முழுதும் பரவலாக இலையின் அடிப்புறத்தில், காலையிலோ மாலையிலோ கட்டுக.

4. அந்நாட்களில் பூச்சிமருந்து தெளிக்கலாகாது.

மாவுப்பூச்சிக்கும் செதில் பூச்சிக்கும் இவ்வட்டை பயன்படாது. அவற்றுக்கு எதிரிகள் வேறு. 2008-ஆம் ஆண்டில் கோவையில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரித் தோட்டங்களையும் பாழ்படுத்திற்று. மல்பெரிக்கு நஞ்சிட்டால் அவ்விலையைத் தின்னும் பட்டுப்புழு மடியும். பட்டு நெய்யும் நம் அங்கத்தினர்க்கும் அதனால் கேடு. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே என்னும் மற்றொரு குளவியே அப்பூச்சியை அடக்கிற்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதனைப் பெருக்கி விவசாயிகளுக்கு வழங்கியது.

இங்கு நாம் மனங்கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. ஒருவர் அட்டை கட்டிய மறுநாள் அண்டை வயற்காரர் நஞ்சு தெளிப்பாராயின், காற்றில் வரும் துளியே குளவிகளைக் கொன்றுவிடும். ஒருவர் கட்டி, பக்கத்தவர் கட்டாதிருப்பினும், அங்குப் பிறக்கும் அந்து இங்கே வந்து முட்டையிடும். எனவே இது தனியொருவர் செய்து முடிக்கும் காரியமன்று. ஒரே வாய்க்கால் பாசனத்திலுள்ள அங்கத்தினர்கள் கூடி, அட்டை கட்டும் நாளை முன்கூட்டியே குறித்து, தேவையான அளவைச் சங்கத்திற்குத் தெரிவிப்பார்களாக. சங்கமும் குளவி பொரிக்குமுன் அட்டைகளை உரிய நாளில் கொணர்ந்து சேர்த்தல் வேண்டும். நாள் தவறிய அட்டை வெறும் காகிதமே.