சண்டை சலிப்பது ஏன்?

போடிநாயக்கனூருக்கு முதன்முறையாக வருகிறவர் ஏலக்காய்க் கடைகள் உள்ள தெருவில் நுழைந்ததும் ஒரு கணம் நின்று மூச்சை ஆழ்ந்து இழுப்பார். "அடடா, என்ன மணம்!" என்பார். அதே தெருவில் உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரிக்கும் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். "மணமா? எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே!" என்று சிரிப்பார். இருவரும் சுவாசிப்பது ஒரே காற்றைத்தான். அதில் கலந்துள்ள ஏலக்காய் எண்ணெயின் மூலக்கூறுகளும் ஒன்றுதான். ஆயினும் ஒருவருக்கு மணக்கிறது, மற்றவருக்கு மணக்கவில்லை.

இது எனக்கு நினைவு வரக் காரணம் என் மாணவர் ஒருவர். கம்பத்தை அடுத்த சிற்றூர்க்காரர். எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளின் தீவிர ரசிகர். குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, உதைச்சண்டை முதலிய பல கலைகளையும் ஒரே களத்தில் பயன்படுத்த இடம் தரும் போட்டி இது. அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடப்பது நமக்கு ஞாயிறு காலை. ஆகவே ஊரே உறங்கும் ஞாயிற்றுக்கிழமையில் இவர் மட்டும் எழுந்து கைப்பேசியின் முன் உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் ஆய்வகத்தில் என்னிடம் கேட்டார்:

"ஏழெட்டு வருஷம் விடாமப் பாத்தேன் சார். இப்பப் பாக்கணும்னே தோணலை. போட்டி கெட்டுப்போச்சா, இல்லை நான் மாறிட்டேனா?"

மாணவர்களே, இது மிக நல்ல கேள்வி. மின்சுற்றில் உள்ள அம்மீட்டரின் முள் இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? மின்னோட்டம் குறைந்ததா, மீட்டர் பழுதானதா என்று இரண்டையும் சோதிக்கிறோம் அல்லவா? இங்கும் அப்படியே செய்வோம். ரசிகரின் மனம்தான் கருவி. போட்டிதான் அளக்கப்படும் பொருள்.

கருவியைச் சோதிப்போம்

உங்கள் கையில் ஒரு கிலோ பன்னீர் திராட்சை இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நண்பர் ஒரே ஒரு பழத்தை அதில் சேர்த்தால் உங்களுக்குத் தெரியாது. சிறு கொத்தைச் சேர்த்தால் தெரியும். ஆனால் கையில் பத்துக் கிலோ இருக்கும்போது அதே சிறு கொத்தைச் சேர்த்தால் தெரியாது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் வெபர் என்ற அறிஞர் 1830களில் இதனை ஆராய்ந்தார். நம் புலன்கள் உணர்வது கூடுதலின் அளவை அன்று. ஏற்கெனவே இருப்பதோடு அந்தக் கூடுதலுக்கு உள்ள விகிதத்தையே என்று கண்டார். அதே நகரில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஃபெக்னர் 1860இல் இதற்குக் கணித வடிவம் தந்தார். தூண்டுதல் பெருக்கல் முறையில் வளர்ந்தால்தான் உணர்ச்சி கூட்டல் முறையில் வளரும் என்பது அதன் சாரம்.

எடைக்குக் கண்ட இந்த விதி மனத்தின் எல்லாச் செயல்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு குறிப்புத் தருகிறது. முதல் பத்துப் போட்டிகளைப் பார்த்தவருக்குப் பதினொன்றாவது போட்டி பெரிய கூடுதல். ஆயிரம் போட்டிகளைப் பார்த்தவருக்கு ஆயிரத்து ஒன்றாவது போட்டி, பத்துக் கிலோ பழத்தில் சேர்ந்த சிறு கொத்து.

அடுத்து, நரம்புகளுக்குள் நடப்பதைப் பார்ப்போம். கடல் முயல் என்று ஒரு கடல்வாழ் நத்தையினம் உண்டு. அதன் உடலில் ஓரிடத்தை மெல்லத் தொட்டால் சட்டென்று செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டுக்கொண்டே இருந்தால் இழுப்பது குறைந்துகொண்டே வரும். எரிக் கேன்டல் என்ற அறிவியலறிஞர் இதனை ஆராய்ந்தார். உணர்வு நரம்பு அடுத்த நரம்புக்கு அனுப்பும் வேதிப்பொருளின் அளவு குறைவதே இதற்குக் காரணம் என்று அவர் காட்டினார். நினைவு பற்றிய ஆய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆபத்தில்லாத, புதிதல்லாத செய்திக்கு நரம்பு தன் ஆற்றலைச் செலவிடுவதில்லை. பழகிப்போதல் என்பது நரம்பின் சோம்பல் அன்று, சிக்கனம்.

இன்னும் ஒரு சோதனை. 1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துள்ளின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பின், விளக்கைக் கண்டதும் துள்ளின. சாறு கிடைத்தபோது துள்ளவில்லை. சாறு அதே சாறுதான்! கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அந்த அணுக்கள் அளந்தன. எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தால் வேறுபாடு சுழி.

ஆகவே நம் மாணவரின் கருவி மாறித்தான் இருக்கிறது. அது பழுது அன்று. எல்லா நரம்புகளின் இயல்பு.

பொருளைச் சோதிப்போம்

போட்டியும் மாறியிருக்கிறது. 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் யு.எஃப்.சி. என்ற அமைப்பின் முதல் போட்டி நடந்தது. எட்டு வீரர்கள். ஜப்பானிய சூமோ மற்போர் பயின்றவர், குத்துச்சண்டைக்காரர், உதைச்சண்டைக்காரர் என்று வெவ்வேறு கலைகளில் தேர்ந்தவர்கள். "எந்தக் கலை வெல்லும்?" என்பதே அன்றைய கேள்வி. சூமோ வீரர் பங்கேற்ற சண்டை 26 விநாடிகளில் முடிந்தது. இறுதியில் வென்றவர் பிரேசிலைச் சேர்ந்த ராய்ஸ் கிரேசி. அன்று களமிறங்கியவர்களில் அவர் பெரிய உடல்வாகு கொண்டவர் அல்லர். எதிரியைத் தரையில் வீழ்த்தி, கழுத்தையோ மூட்டையோ பிடித்து முடக்கும் ஜியு-ஜிட்சு என்ற கலையைக் கொண்டு, ஒரே இரவில் மூவரைச் சுமார் ஐந்து நிமிடச் சண்டையில் வென்றார். பார்த்தவர்கள் திகைத்தார்கள்.

திகைத்தவர்கள் சும்மா இருப்பார்களா? எல்லா வீரர்களும் தரைச்சண்டையைக் கற்றார்கள். மல்யுத்தக்காரர் குத்தக் கற்றார். குத்துச்சண்டைக்காரர் பிடியிலிருந்து நழுவக் கற்றார். 2006இல் அதே கிரேசி மீண்டும் அந்தக் களத்தில் இறங்கியபோது, மாட் ஹியூஸ் என்பவரிடம் முதற்சுற்றிலேயே தோற்றார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் புதிராக இருந்தது இப்போது பாடமாகிவிட்டது. "எந்தக் கலை வெல்லும்?" என்ற பெரிய கேள்விக்கு, "எல்லாவற்றையும் கற்றவர்" என்ற விடை கிடைத்தாயிற்று. இன்று எதிரெதிரே நிற்கும் இருவரும் ஏறக்குறைய ஒரே பாடத்திட்டத்தில் பயின்றவர்கள்.

எண்ணிக்கையும் பெருகிவிட்டது. யு.எஃப்.சி. 1993இல் நடத்தியது ஒரே நிகழ்ச்சி, 1994இல் மூன்று. அண்மை ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேல். திருவிழா ஆண்டுக்கு ஒருமுறை வந்தால்தான் திருவிழா. வாரந்தோறும் வந்தால் அது சந்தை.

ஒரு சிறு கணக்கு

1948இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாட் ஷானன் செய்தியை அளக்க ஓர் அலகு தந்தார். அதன் பெயர் பிட். சமவாய்ப்புள்ள இரண்டில் எது நடந்தது என்று சொல்லும் செய்தி ஒரு பிட். எட்டு வீரர்களும் சமவாய்ப்பு உள்ளவர்கள் என்றால் வென்றவரைக் கண்டுபிடிக்க எத்தனை "ஆம்–இல்லை" கேள்விகள் தேவை? எட்டை நான்காக்க ஒன்று, நான்கை இரண்டாக்க ஒன்று, இரண்டை ஒன்றாக்க ஒன்று. ஆக மூன்று பிட். இருவர் மோதும் சண்டையில் ஒருவருக்கு நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு என்று முன்பே தெரிந்தால், முடிவு தரும் செய்தி சராசரியாக 0.47 பிட் மட்டுமே. 99 வாய்ப்பு என்றால் 0.08 பிட். முடிவு தெரிந்த சண்டையில் செய்தி இல்லை.

ஆனால் இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். பூவா தலையா போட்டால் ஒவ்வொரு முறையும் முழுதாக ஒரு பிட் செய்தி கிடைக்கிறது. அதற்காக நாள் முழுவதும் நாணயம் சுண்டுவதை யாராவது வேடிக்கை பார்ப்பார்களா? மாட்டார்கள். ஏன்? அதன் விடையால் நம்முடைய எந்தக் கேள்வியும் தீர்வதில்லை. ஆகவே நிச்சயமின்மை மட்டும் போதாது; பார்ப்பவர் மனத்தில் ஒரு கேள்வியும் இருக்க வேண்டும்.

கேள்வி இருந்து விடை வராவிட்டாலும் தொல்லைதான். 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் குத்துச்சண்டை வீரர் முகமது அலியும் ஜப்பானிய மல்யுத்த வீரர் அந்தோனியோ இனோக்கியும் மோதினர். குத்து வெல்லுமா, பிடி வெல்லுமா என்று உலகமே காத்திருந்தது. இனோக்கி பெரும்பாலும் தரையில் படுத்தபடியே அலியின் கால்களை உதைத்துக்கொண்டிருந்தார். அலி விட்ட குத்துகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. பதினைந்து சுற்றுகள் முடிந்தும் வெற்றி தோல்வி இல்லை. கூட்டம் சினந்து குப்பைகளை வீசியது.

நம் ஊர்க் கபடி

பொங்கலை ஒட்டியும் கோயில் திருவிழாக்களிலும் நம் பள்ளத்தாக்கின் ஊர்களில் இரவு விளக்கொளியில் கபடி நடக்கிறது. கூட்டம் விடிய விடிய நிற்கிறது. பாடிச் செல்பவர் இன்னார் மகன். மடக்குபவர் நம்மோடு படித்தவர். "பக்கத்து ஊரை இந்த ஆண்டாவது வெல்வோமா?" என்ற கேள்வி ஒவ்வொருவர் மனத்திலும் இருக்கிறது.

ஊர் தெரியாதவர்கள் பார்க்கும்போது அந்தக் கேள்வி இருக்காது. ஆகவே விதிகளால் அதை உண்டாக்க வேண்டியிருக்கிறது. 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் ஒருவர் பாடிச் சென்று திரும்ப 30 விநாடிதான். அடுத்தடுத்து இரு முறை ஒரு புள்ளியும் எடுக்காவிட்டால், மூன்றாம் முறை எடுத்தே ஆக வேண்டும். இல்லையேல் சென்றவர் ஆட்டமிழப்பார். மூவரோ அதற்குக் குறைவானவரோ நின்று பிடித்தால் இரண்டு புள்ளி. பின்தங்கிய அணிக்கும் வாய்ப்பைக் கூட்டி, செய்தியில்லாத நேரத்தைக் குறைப்பதற்கே இத்தனையும்.

இரண்டு வழிகள்

சலிப்பு வந்தபின் ரசிகருக்கு முன் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, தூண்டுதலைக் கூட்டுவது. இன்னும் பலமான குத்து, இன்னும் அதிக இரத்தம். ஃபெக்னரின் கணக்கு நினைவிருக்கிறதா? அதே அளவு சிலிர்ப்புக்கு ஒவ்வொரு முறையும் பன்மடங்கு தூண்டுதல் வேண்டும். அந்தக் கடனை அடைப்பவர் பார்ப்பவர் அல்லர், களத்தில் நிற்பவர். தலையில் தொடர்ந்து அடிவாங்கும் குத்துச்சண்டைக்காரர்களின் மூளை நிலையாகப் பாதிக்கப்படுவதை ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928இலேயே எழுதினார். நமது சலிப்பைப் போக்க இன்னொருவர் மூளை விலையாகக் கூடாது.

இரண்டாவது வழியை எனக்குக் காட்டியவர் சின்னமனூர்ப் பக்கத்துச் சிலம்ப ஆசான் ஒருவர். "இத்தனை வருடமாகப் பார்க்கிறீர்களே ஐயா, சலிக்கவில்லையா?" என்று கேட்டேன். "கம்பைப் பாக்குறவனுக்குச் சலிக்கும் தம்பி. நான் காலைப் பாக்குறேன்" என்றார். கம்பு சுழலும் வேகம் எல்லாருக்கும் கண்ணில் படும். அடுத்த அடி எங்கே விழும் என்பதை ஆடுபவரின் பாதம் முன்கூட்டியே சொல்லும். அவருக்கு ஒவ்வோர் ஆட்டமும் ஒரு புதிய கேள்வி.

போடியில் நாம் பார்த்த அம்மாவிடம் திரும்புவோம். அவருக்கு மணம் தெரியவில்லை. ஆனால் ஒரு கை ஏலக்காயை அள்ளினால், நிறம் வெளுத்த காயையும் வாய் பிளந்த காயையும் நொடியில் பொறுக்கிவிடுவார். மணத்தை வியந்த விருந்தாளிக்கோ எல்லாக் காயும் ஒன்றுதான். பழக்கம் ஒரு கையால் எடுத்துக்கொள்கிறது, மறு கையால் தருகிறது. எடுப்பது சிலிர்ப்பை, தருவது நுட்பத்தை.

என் மாணவரிடம், "போட்டியில் எதைப் பார்ப்பீர்கள், தம்பி?" என்று கேட்டேன். "எப்ப விழுவான்னு பாப்பேன் சார்" என்றார். அவருக்கு விடை கிடைத்துவிட்டது. சிலிர்ப்புக்காகப் போனவர், சிலிர்ப்பு தீர்ந்ததும் திரும்பிவிட்டார். அதில் குற்றம் ஒன்றுமில்லை.

இதில் எனக்கும் ஒரு பாடம் உண்டு. இருபது ஆண்டுகளாகத் தனி ஊசல் சோதனையை நடத்தி எனக்கே அலுத்திருந்தது. அவர் கேட்ட அந்த வாரம் முதல், ஊசலை ஆட்டும் முன் அலைவு நேரத்தை எல்லாரும் ஊகித்து எழுத வேண்டும் என்றேன். ஊசல் அதேதான். ஆனால் அதன் முன் இப்போது முப்பது கேள்விகள் நிற்கின்றன, ஒன்று என்னுடையது.

செய்து பாருங்கள்

1. உங்கள் ஊரில் நடக்கும் கபடிப் போட்டிக்கு ஒரு குறிப்பேட்டுடன் செல்லுங்கள். ஒவ்வொரு முறை பாடிச் செல்லும் முன்பும் "புள்ளி கிடைக்கும்" அல்லது "கிடைக்காது" என்று எழுதுங்கள்.

2. முடிவை எதிரே குறியுங்கள். ஐம்பது முறைக்குப் பின் உங்கள் ஊகம் நூற்றுக்கு எத்தனை சரி என்று கணக்கிடுங்கள்.

3. கபடி தெரியாத நண்பரும் அனுபவமுள்ள பெரியவர் ஒருவரும் இதையே செய்யட்டும். யாருடைய ஊகம் அதிகம் சரியாகிறது? யாருக்கு ஆட்டம் அதிகம் பிடித்திருந்தது? இரண்டு விடைகளும் ஒரே ஆளைக் காட்டுகின்றனவா?