ஆர்மாமலை ஓவியமும் அச்சிட்ட வண்ணமும்

ஓர் ஓவியத்தின் வரிவடிவை அச்சுப்படம் ஒருவாறு செவ்வனே காட்டவல்லது. வண்ணத்தை அங்ஙனம் காட்டவல்லதன்று. இதனைச் சவ்வாது மலையை அடுத்த ஆம்பூர் வட்டாரத்தே, மலையாம்பட்டிலுள்ள ஆர்மாமலைக் குகையிற் கண்டறிந்தேன்.

அக்குகையின் விதானத்தில், எட்டாம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் சமண ஓவியங்கள் சிதைந்து எஞ்சியுள்ளன. அவை சித்தன்னவாசல் ஓவியங்களோடு ஒத்தன என்பர் ஆராய்ச்சியாளர். அங்குச் செல்லுமுன் அவற்றின் அச்சுப்படம் ஒன்றைப் பன்முறை நோக்கியிருந்தேன். அதிற் செம்மை குருதிபோற் செழித்திருந்தது. குகையில் நின்றபொழுதோ அச்செம்மையைத் தேடவேண்டியதாயிற்று. கண் இருளிற் பழகிய பின்னரே, சாந்தின் மங்கிய வெண்மையினின்றும் காவி மெல்ல மெல்லப் பிரிந்து தோன்றிற்று. ஓரடி விலகி நின்றால் அதுவே பழுப்பாயிற்று.

காரணம் யாதெனின், சுவரோவியத்தில் வண்ணமாவது காவிக்கல் முதலியவற்றை அரைத்த நுண்டுகள். அவை சாந்தின் சொரசொரப்பான மேனியிற் படிந்து, தம்மேல் விழும் ஒளியைப் பல திசையிலும் சிதறச் செய்கின்றன. அச்சிலோ நீலம், மெஜந்தா, மஞ்சள், கருமை என்னும் நான்கு மைகளின் புள்ளிகளே வழவழப்பான தாளில் நெருங்கி நின்று எல்லா வண்ணமாகவும் நடிக்கின்றன. அன்றியும், நிழற்படக் கருவியின் வெள்ளொளி எங்கும் ஒருபடியாக விழுகின்றது. அவ்வொளியில் அவ்வோவியத்தை அதனைத் தீட்டினவரும் கண்டிலர்! அச்சுப்படம் குறைத்தே காட்டும் என்று எண்ணியிருந்தேன். மிகுத்துக் காட்டுதலும் உண்டென்பது அன்றுதான் விளங்கிற்று.

உடன்வந்த நண்பர் ஒருவர், குடுவை நீரைச் சிறிது தெளித்தால் வண்ணம் படத்திற் கண்டதுபோல் எடுப்பாகும் என்றார். அவர் கூற்றுப் பொய்யன்று. நனைந்த சாந்தில் நிறம் ஆழ்ந்து தோன்றும். ஆயினும், வடக்கே அஜந்தாவில் நேர்ந்தது எனக்கு நினைவு வந்தது. அதனை அவருக்கும் கூறினேன். அங்கே 1844 இல் பணிக்கப்பெற்ற ராபர்ட் கில் என்பவரும், 1872 முதல் பம்பாய் ஓவியப்பள்ளி மாணவரோடு ஜான் கிரிபித்ஸ் என்பவரும் பல்லாண்டு உழைத்துப் படிகள் எடுத்தனர். நிறம் துலங்கும்பொருட்டு அச்சுவர்களின்மேல் வார்னிஷ் பூசப்பெற்றது. நாளடைவில் அப்பூச்சே மஞ்சளித்துக் கறுத்து, எந்நிறத்தைத் துலக்க வந்ததோ அந்நிறத்தையே மறைத்தது. கில் எழுதிய படிகளிற் பெரும்பாலன 1866 இலும், கிரிபித்ஸ் எடுப்பித்தவற்றிற் பல 1885 இலும் இலண்டனில் தீக்கிரையாயின. படி போயிற்று, படிக்காகப் பூசிய பூச்சு சுவரில் நின்றது.

நண்பர் குடுவையை மூடினார். நீர் தெளியாமலே எடுத்த எம் படம் மங்கலாகவே உள்ளது. தாமரையிலையின் ஓரத்தில் யாங்கள் இருவரும் கண்ட மெல்லிய பசுமை அதில் இல்லை.