நீரிலிருந்து ஹைட்ரஜன்: வினையூக்கியின் பொருளாதாரம்

பாலக்காட்டுக் கணவாயில் உள்ள கஞ்சிக்கோட்டிலும், இடுக்கி மாவட்டத்தின் தமிழக எல்லையை ஒட்டிய ராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் இயங்குகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் அவற்றின் உற்பத்தி உயர்கிறது. அணைகள் நிரம்புவதும் அப்போதுதான். அவ்வேளையில் மிஞ்சும் மின்சாரத்தைச் சேமிக்கும் வழிகளுள் ஒன்று, அதைக் கொண்டு நீரைப் பகுத்து ஹைட்ரஜன் பெறுவதாகும்.

இம்முறை நமக்குப் புதிதன்று. பஞ்சாபின் நங்கல் உரத் தொழிற்சாலை 1960-களில் பக்ரா அணையின் மின்சாரத்தால் நீரைப் பகுத்து ஹைட்ரஜன் எடுத்து, அம்மோனியா தயாரித்தது. பின்னர் அது எண்ணெய்க்கும், அதன்பின் இயற்கை எரிவாயுவுக்கும் மாறியது. மின்செலவே மின்பகுப்பு முறையின் பெருஞ்சுமை.

அச்சுமையைக் குறைப்பது வினையூக்கி. நீரைப் பகுக்கக் கோட்பாட்டின்படி 1.23 வோல்ட் போதும், நடைமுறையிலோ 1.8 முதல் 2 வோல்ட் வரை தேவைப்படுகிறது. நேர்மின்வாயில் ஆக்சிஜன் வெளிப்படும் வினை மந்தமாக நடைபெறுவதே இதற்கு முதன்மையான காரணம். மின்முனையில் பூசப்படும் உலோக வினையூக்கி அவ்வினையை எளிதாக்குகிறது.

இதன் பயனை ஒரு கணக்கால் விளக்கலாம். 1976-இல் தொடங்கி வைக்கப்பட்ட இடுக்கித் திட்டத்தின் மூலமற்றம் மின்நிலையத்தில் 130 மெகாவாட் திறனுள்ள ஆறு இயந்திரங்கள் உள்ளன. ஓர் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் தருவது 1,30,000 யூனிட். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 52 யூனிட் செலவானால் 2,500 கிலோ கிடைக்கும். சிறந்த வினையூக்கியால் மின்னழுத்தம் 0.075 வோல்ட் அளவு குறைந்தால், செலவு 50 யூனிட்டாகி, 2,600 கிலோ கிடைக்கும்.

எனினும் உலோகத்தின் தேர்வு எளிதன்று. மாறும் காற்றாலை மின்சாரத்திற்கு விரைந்து ஈடுகொடுக்கும் புரோட்டான் மென்படலக் கலத்தில் அமிலச் சூழல் நிலவுவதால், நிக்கல் கரைந்துவிடும். ஆகவே நேர்மின்வாயில் இரிடியமும் எதிர்மின்வாயில் பிளாட்டினமும் பயன்படுகின்றன. உலகில் ஆண்டுதோறும் கிடைக்கும் புதிய இரிடியம் பத்து டன்னுக்கும் குறைவு. அதன் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. காரக் கலங்களில் மலிவான நிக்கலும் இரும்பும் சேர்ந்த வினையூக்கிகள் பயன்படும். இரிடியத்தின் அளவைக் குறைத்தல், நிக்கல்-இரும்பு வினையூக்கிகளை நெடுங்காலம் உழைக்கச் செய்தல் ஆகிய இரண்டுமே ஆய்வின் வழிகள்.

தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் 2023 ஜனவரியில் ரூ.19,744 கோடி ஒதுக்கீட்டுடன் ஒப்புதல் பெற்றது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தித் திறன் என்பது அதன் இலக்கு. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்க முற்படும் நாடு, இரிடியத்திற்காக மீண்டும் அயல்நாட்டை நம்பியிருத்தல் நன்றன்று. ஆகவே கலங்களின் எண்ணிக்கையோடு, ஒரு கிலோவுக்கு ஆகும் யூனிட்டையும் வினையூக்கியின் ஆயுளையும் சேர்த்தே வளர்ச்சியை அளத்தல் வேண்டும்.