கன்றுக் கரு வளர்க்க எந்தப் படிப்பு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் திருப்பாச்சூர், காக்களூர் பக்கத்துப் பெற்றோர் சிலர் மார்க் ஷீட்டோடு என்னிடம் வருவார்கள். கால்நடை ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் வருகிறார்கள். சமீபமாக எல்லோருக்கும் ஒரே கேள்வி: "ஐ.வி.எஃப்.ல கன்னுக்குட்டி உண்டாக்குறாங்களாமே சார், பையனை பயோடெக்ல போட்டுடலாமா?" பையன் பக்கத்தில்தான் நிற்கிறான், வாயைத் திறப்பதில்லை. அப்பா ஒரு வீடியோ பார்த்திருப்பார், அல்லது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கூட வேலை செய்பவரின் மகள் சேர்ந்திருப்பாள்.

கால்நடை மருத்துவம் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். படிப்பு ஐந்தரை வருடம். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. 1903-ல் தொடங்கிய வேப்பேரிக் கல்லூரியில் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், வெளியூர்க் கல்லூரி என்றாலும் போகலாம். பால்வளத் தொழில்நுட்பத்துக்கு நம் மாவட்டத்துக் கொடுவள்ளியிலேயே கல்லூரி இருக்கிறது. நல்ல படிப்பு, ஆனால் கருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விலங்கியலில் பி.எஸ்சி. முடித்து ஆய்வகத்தில் நுழைவது இன்னொரு வழி. சம்பளம் குறைவு, கை பழகும்.

என் சண்டை பி.டெக். பயோடெக்னாலஜியோடுதான். முதலில், ஐ.வி.எஃப். கன்று நேற்று முளைத்த அதிசயம் அல்ல. ஹரியானாவின் கர்னாலில், தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில், ஐ.வி.எஃப். எருமைக் கன்று 1990-லேயே பிறந்துவிட்டது. இரண்டாவது, பல கல்லூரிகளில் நுண்ணுயிர், தாவரத் திசு என்று நாலு வருடமும் ஓடிவிடும். விலங்குச் செல் வளர்ப்பு ஒரு பேப்பரோடு முடியும். மூன்றாவதுதான் முக்கியம். உயிருள்ள பசுவிலிருந்து முட்டை எடுக்க வால் அடியில் மரப்பு ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே சினைப்பையில் ஊசி செலுத்த வேண்டும். அது டாக்டர் வேலை. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் சிகிச்சை உரிமையைப் பதிவு பெற்றவருக்குத்தான் தருகிறது. பி.டெக். பையன் மாட்டைத் தொட முடியாது. முதுகலை, பிஎச்.டி. என்று ஏறினாலும் அதே நாற்காலிக்குக் கால்நடை மருத்துவர் போட்டியிடுவார். கடைசியில் அவன் ஏதோ ஒரு தொழிற்சாலையின் குவாலிட்டி கன்ட்ரோலில் உட்காருகிறான். கேவலமான வேலை ஒன்றுமில்லை; அதற்கு பி.எஸ்சி. வேதியியல் போதுமே, அவ்வளவு ஃபீஸ் எதற்கு?

கரு வளர்க்கும் ஆய்வக வேலையாவது என்னவென்று தெரிகிறதா? முட்டை முதிர 38.5 டிகிரி செல்சியஸில் ஒரு நாள், விந்தணுவோடு இன்னொரு நாளுக்குக் கொஞ்சம் குறைவாக. பிறகு மினரல் ஆயிலுக்கு அடியில் இருக்கும் சின்னஞ்சிறு துளி ஊடகத்தில் ஆறேழு நாள் வளர்ப்பு. கரியமில வாயு 5 சதவீதம். ஆக்சிஜனும் 5 சதவீதம்தான், காற்றில் இருக்கும் 21 அல்ல. பசுவின் கருக்குழாயில் அவ்வளவு ஆக்சிஜன் இருப்பதில்லை. கரியமில வாயு குறைந்தால் ஊடகத்தின் காரத்தன்மை ஏறி, அதன் சிவப்பு நிறம் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகும். எட்டுப் பதினாறு செல் கட்டத்தில் கருவின் சொந்த மரபணுக்கள் வேலையைக் கையில் எடுக்கும். பல கருக்கள் அங்கேயே நின்றுவிடும். நல்ல ஆய்வகத்திலும் நூறு முட்டைக்கு முப்பது, நாற்பது தேறினால் பெரிது. சீக்கிரம் வளரட்டும் என்று சீரத்தை ஊற்றி வளர்த்த காலமும் உண்டு. அப்படி வளர்த்தவற்றில் சில அளவுக்கு மீறிப் பெருத்த கன்றுகளாகி, ஈனும்போது தாயைப் பாடாய்ப் படுத்தின.

என் அனுபவத்தில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இன்குபேட்டரைத் திறந்து பார்க்கத் துடிப்பவன் இதற்கு லாயக்கில்லை. திறந்தால் வெப்பமும் வாயுவும் இறங்கும், பழைய நிலைக்கு வர நேரமாகும். மார்க் அதிகமா குறைவா என்பதல்ல, உட்கார்ந்து காத்திருக்கும் குணம் உண்டா என்று பாருங்கள். அது உங்களைவிடப் பையனுக்குத்தான் தெரியும், அவனைப் பேச விடுங்கள். அலமாதியில் உறைவிந்து நிலையம் இருக்கிறது. முன்அனுமதி கேட்டு ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டலாம்.

இத்தனைக்கும் பிறகு பயோடெக்தான் என்றால், பணம் கட்டுவதற்கு முன் அந்தக் கல்லூரியில் கரியமில வாயு இன்குபேட்டர் இருக்கிறதா, மாணவர்களை அதில் கை வைக்க விடுகிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.