முதுமையும் நினைவாற்றலும்: பயிற்சி, மின் தூண்டல்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 60 வயது நிறைந்தோர் 10 கோடிக்கும் அதிகம். இவர்கள் தம் அலுவல்களைத் தாமே கவனித்துக்கொள்ள ‘செயல் நினைவு’ இன்றியமையாதது. வாங்கிய பொருள்களின் விலைகளை மனத்தில் இருத்தி, அவற்றைக் கூட்டி, மீதிச் சில்லறையைச் சரிபார்ப்பது இத்திறனின் பணியாகும். வயது ஏற ஏற இது தளர்கிறது. இத்தளர்ச்சியைத் தடுக்க இயலுமா?

பயிற்சியின் பயன்

அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. நினைவு, பகுத்தறிதல், விரைந்து உணர்தல் ஆகியவற்றுள் ஒன்றில் ஒவ்வொரு பிரிவினருக்கும் 10 அமர்வுகள் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்குப் பயிற்சி இல்லை. பத்தாண்டுகளுக்குப் பின், பின்னிரு திறன்களில் பயன் நிலைத்திருந்தது. நினைவுப் பயிற்சியின் பயன் நிலைக்கவில்லை. ஒரு திறனில் பெற்ற பயிற்சி மற்றொரு திறனை உயர்த்தவுமில்லை. செயல் நினைவுப் பயிற்சிகளிலும் பெரும்பாலும் இதே நிலைதான்.

மின் தூண்டல்

தலையின் மேற்புறத்தில் மின்முனைகளைப் பொருத்தி, 1 முதல் 2 மில்லி ஆம்பியர் அளவிலான மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்துவது ஒரு முறை. இது நரம்பணுக்களின் கிளர்ச்சித் தன்மையைச் சற்றே மாற்றுகிறது. 2019இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 60 முதல் 76 வயது வரையிலான 42 பேருக்கு மூளை அலைகளின் தாளத்திற்கு இசைந்த மாறுமின்னோட்டத்தை 25 நிமிடங்கள் செலுத்தினர். அவர்களது செயல் நினைவு இளைஞர்களின் நிலையை நெருங்கியது. ஆயினும் அப்பயன் ஆய்வுக்கூடத்தில், தூண்டலுக்குப் பின் 50 நிமிடங்கள் வரையே அளந்தறியப்பட்டது. பயிற்சியுடன் தூண்டலை இணைத்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை.

நமக்குரிய பாடம்

செயல் நினைவின் இயல்பான தளர்ச்சி வேறு, மறதிநோய் வேறு. 2023இல் வெளியான மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 88 லட்சம் முதியோர் மறதிநோயால் பாதிக்கப்பட்டுள்ளனர். கல்வி குறைந்தோரிடமும் சிற்றூர்களிலும் இது மிகுதி. கல்விக் குறைவு, செவித்திறன் இழப்பு, பார்வைக் குறைபாடு, உயர் இரத்த அழுத்தம் முதலான 14 காரணிகளை நீக்கினால் உலகில் 45 விழுக்காடு மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என லான்செட் ஆணையம் 2024இல் கணித்தது.

எனவே விலையுயர்ந்த கருவிகளை நாடுவதற்கு முன், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தப் பரிசோதனை, காது கேட்கும் கருவி, கண்புரை அறுவை, முதியோர் கல்வி ஆகியவற்றை உறுதிசெய்வதே அறிவுடைமை. மின் தூண்டல் ஆய்வுக்குரியது. இவையோ இன்றே செய்யத் தக்கவை.